வீட்டுப் பலகாரத்திற்கு ஒரு கணக்கு



ஜனவரி மாதம் பிறந்து பத்து நாட்கள் ஆனதும் நமது மருத்துவமனையின் நீரிழிவுப் பிரிவில் கூட்டம் கூடிவிடும். "பண்டிகை முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று டிசம்பரில் தள்ளிப் போட்டவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் வந்து சேருவார்கள். மதிப்பெண் அட்டையை மறைக்கும் பள்ளிப் பிள்ளைகளைப் போல, இரத்தப் பரிசோதனைச் சீட்டை மடித்து மடித்துக் கைக்குள் வைத்திருப்பார்கள். வார்டுகளில் குருப்பணி செய்கிற நாங்கள் அந்த நாட்களில் இந்தப் பிரிவின் வராந்தாவிலும் சற்று நேரம் உட்காருவதுண்டு. அங்கே ஒரு தாயார் சொன்ன வார்த்தைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது அறுபத்தெட்டு. இடது காலில் ஆறாத புண். முந்தின ஆண்டு அதே காலில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. சர்க்கரை இறங்காவிட்டால் புண் ஆறாது, புண் ஆறாவிட்டால் இன்னும் சற்று மேலே வெட்ட வேண்டிவரும் என்று மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வெளியே வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தவர் கண்களைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஐயா, கடைப் பலகாரம் ஒண்ணும் வாங்குறதில்ல. இனிப்பைக் கையால தொடுறதில்ல. வீட்டுல செஞ்ச முறுக்குதான் திங்கேன். அதுவும் மருமக நல்ல எண்ணெயில சுட்டது. அது என்ன செஞ்சிரும்?"

அவர் பொய் சொல்லவில்லை. வீட்டில் செய்தது சுத்தமானது, பழைய எண்ணெய் இல்லாதது, கலப்படம் இல்லாதது என்பதெல்லாம் உண்மையே. ஆனால் சுத்தம் என்பது வேறு, அளவு என்பது வேறு. கடையில் வாங்கும் பொட்டலத்தின் முதுகிலாவது எத்தனை கலோரி என்று சிறிய எழுத்தில் அச்சடித்திருக்கிறான். வீட்டு டப்பாவில் அது இல்லை. ஆகவே அங்கே கலோரியே இல்லை என்று நம் மனம் எண்ணிக்கொள்ளுகிறது.

எங்கள் உணவியல் நிபுணர் அந்த அம்மாவைக் கடிந்துகொள்ளவில்லை. கூட வந்திருந்த மருமகளைப் பார்த்து, "மாவு எவ்வளவு போட்டீங்க? எத்தனை முறுக்கு வந்தது? எண்ணெய் எவ்வளவு குறைஞ்சது?" என்று மூன்றே கேள்விகள் கேட்டார். முதல் இரண்டுக்கும் அந்தப் பெண் உடனே பதில் சொன்னாள். மூன்றாவது கேள்விக்கு விழித்தாள். "எண்ணெய் குறைஞ்சதை யாரும்மா அளப்பாங்க?" என்றாள். அடுத்த முறை சுடும்போது அளந்து எழுதி வரும்படி அவளை அனுப்பினார்கள். அவள் கெட்டிக்காரி, ஒரு நோட்டுத்தாளில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்தாள். கீழே வரும் முறுக்குக் கணக்கு அந்த வீட்டாரின் சம்மதத்தோடு இங்கே தரப்படுகிறது.

கணக்குக்குள் போகுமுன் கலோரி என்றால் என்ன என்று இரண்டு வார்த்தை. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்கத் தேவைப்படும் வெப்பமே நாம் உணவில் பேசும் ஒரு கலோரி. விஞ்ஞானப் புத்தகங்கள் இதைக் கிலோ கலோரி என்று எழுதும். ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் கலோரி என்றே சொல்லிவிடுகிறோம். உணவு உடலுக்குள் எரிந்து கொடுக்கும் சக்திக்கு இது அளவு. மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி, புரதம் ஒரு கிராமுக்கு 4, கொழுப்பு ஒரு கிராமுக்கு 9. இந்த மூன்று எண்களை மனதில் வைத்தால் பாதிக் கணக்கு முடிந்தது.

இந்த எண்களை நமக்குத் தந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் வில்பர் அட்வாட்டர் என்னும் வேதியியல் பேராசிரியர். 1890-களில் அவர் ஒரு சிறிய மூடிய அறையைக் கட்டி, அதற்குள் ஓர் ஆளை இருத்தி, அவர் உண்டதையும் அவர் உடலிலிருந்து வெளிவந்த வெப்பத்தையும் அளந்து பார்த்தார். சபையாருக்குச் சுவையான ஒரு செய்தி: அதே அறையில் அவர் மதுவையும் சோதித்து, அதிலிருந்தும் உடலுக்குச் சக்தி கிடைக்கிறது என்று அறிவித்தபோது மதுவிலக்குச் சங்கத்தார் அவர்மேல் மிகுந்த கோபம் கொண்டார்கள். சாராய வியாபாரிகளோ அதை விளம்பரமாக்கிக்கொண்டார்கள். பாவம், அவர் அளந்ததைச் சொன்னார், அவ்வளவே.

நம் நாட்டு உணவுகளுக்கு இப்படி அளந்து எழுதும் வேலை நமக்கு அருகிலேயே, நீலகிரிக் குன்னூரில் நடந்தது. அங்கே இராபர்ட் மெக்காரிசன் 1918-இல் தொடங்கிய ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து, 1937-இல் டாக்டர் அய்க்ராய்ட் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். அந்த ஆராய்ச்சிக் கூடமே 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று வழங்குகிறது. 1971-இல் டாக்டர் கோபாலனும் உடன் பணியாளர்களும் தந்த அட்டவணையைத்தான் பல ஆஸ்பத்திரிகளில் பல ஆண்டுகள் மேசைமேல் வைத்திருந்தார்கள். 2017-இல் புதிய அட்டவணை வந்தது. பழையதற்கும் புதியதற்கும் சில பொருள்களில் எண்கள் கொஞ்சம் மாறும். வீட்டுச் சமையலுக்கு அந்த வித்தியாசம் பெரிதல்ல. நாங்கள் கீழே முழு எண்களாகத் திருத்தியே எழுதுகிறோம்.

இனி முறுக்கு. அந்த மருமகள் எழுதி வந்தது: பச்சரிசி மாவு 500 கிராம், வறுத்து அரைத்த உளுந்து மாவு 100 கிராம், வெண்ணெய் 50 கிராம், எள் 10 கிராம்; உப்பு, சீரகம், தண்ணீர். உப்புக்கும் தண்ணீருக்கும் கலோரி கிடையாது, சீரகம் கணக்கில் வராத அளவு. அரிசி மாவு நூறு கிராமுக்கு 350 கலோரி என்று வைத்தால் 1750. உளுந்து மாவு நூறு கிராமுக்கு 340. வெண்ணெய் நூறு கிராமுக்கு 730 என்பதால் ஐம்பது கிராமுக்கு 365. எள்ளுக்கு 56. ஆக, பிசைந்த மாவு முழுவதும் 2511 கலோரி.

அடுத்தது எண்ணெய். இங்கேதான் எல்லாரும் வழுக்குகிறோம். சிலர் சட்டியில் ஊற்றிய எண்ணெய் முழுவதையும் கூட்டிவிட்டுப் பயந்துபோகிறார்கள். பலர் எண்ணெயையே விட்டுவிடுகிறார்கள். இரண்டும் தவறு. முறுக்கு குடித்த எண்ணெய் மட்டுமே நம் வயிற்றுக்குள் போகிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அடுப்பில் வைக்கும் முன் சட்டியையும் எண்ணெயையும் சேர்த்து நிறுத்து எழுதி, எல்லாம் சுட்டு முடித்து, எண்ணெய் நன்றாக ஆறியபின் மறுபடியும் சட்டியோடு நிறுப்பது. சூடான எண்ணெயைத் தராசில் தூக்கி வைக்க யாரும் முயல வேண்டாம், ஆறுமட்டும் பொறுத்திருங்கள். சுடும்போது நடுவில் எண்ணெய் சேர்த்தால் அதையும் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த வீட்டில் முதலில் இருந்ததற்கும் கடைசியில் இருந்ததற்கும் வித்தியாசம் 210 கிராம். எண்ணெய் கிராமுக்கு 9 கலோரி. ஆகவே 1890.

காகிதத்தில் ஒற்றிய எண்ணெயும் கரண்டியில் ஒட்டியதும் அந்த 210-க்குள் அடங்கும் என்பதால் கணக்கு உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். அதனால் நஷ்டம் இல்லை.

இரண்டையும் கூட்டினால் 4401. நாற்பத்து நான்கு நூறு என்று வைத்துக்கொள்வோம். வந்த முறுக்கு நாற்பது. ஒரு முறுக்கு 110 கலோரி. நாற்பதையும் சேர்த்து நிறுத்தபோது 820 கிராம். ஒன்று இருபது கிராமுக்குச் சற்று மேலே. உள்ளங்கையில் வைத்தால் கையே நிறையாத முறுக்கு அது. அந்த நூற்றுப்பத்தில் பாதிக்கு மேல் எண்ணெயும் வெண்ணெயும் கொடுத்தவை. கையில் எடுக்கும்போது அது அரிசிப் பண்டமாகத்தான் தெரிகிறது.

அந்த அம்மாவிடம் ஒரு நாளைக்கு எத்தனை என்று மெல்லக் கேட்டார்கள். காலைக் காப்பிக்கு இரண்டு, பதினோரு மணிக்கு ஒன்று, மாலையில் இரண்டு, இரவில் மாத்திரை போடுமுன் "வெறும் வயிறா இருக்கேன்னு" ஒன்று. ஆறு முறுக்கு, 660 கலோரி. ஒரு நாளைக்கு அவருக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்த உணவு மொத்தமே 1400 கலோரி. நாளுக்குரிய உணவில் பாதியை நெருங்கும் அளவு, மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் மேலே, யாருக்கும் தெரியாமல் உள்ளே போயிருக்கிறது. அவருக்கே தெரியாது. நாற்பது ஆண்டு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் அந்தத் தாளை வாங்கி இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். பிறகு, "சரியாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் கதையும் இதைவிட நன்றாக இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வீடு சந்திக்கப் போகும் நாட்களில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தட்டு வரும். "ஐயா, ஒண்ணாவது எடுக்கணும்" என்பார்கள். ஐந்து வீட்டுக்கு ஐந்து முறுக்கும் சர்க்கரை போட்ட ஐந்து காப்பியும் என்று கூட்டிப் பார்த்த நாளிலிருந்து, ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மற்ற வீடுகளில் தண்ணீர் மட்டும் கேட்டு வாங்கிக் குடிக்கிறோம். சிலருக்கு வருத்தந்தான்.

எண்ணெய் விஷயத்தில் இன்னொரு மயக்கமும் உண்டு. நல்லெண்ணெய், கடலெண்ணெய், தேங்காய் எண்ணெய், ரீபைண்ட் ஆயில் இவற்றுக்குள் இருதயத்தைப் பொறுத்தவரை வித்தியாசங்கள் உண்டு. கலோரியைப் பொறுத்தவரை எல்லாம் ஒன்றே. ஒரு தேக்கரண்டிக்கு ஏறக்குறைய 40 கலோரி. டப்பாவில் கொலஸ்ட்ரால் இல்லை என்று எழுதியிருப்பதால் அந்த நாற்பது குறைந்துவிடாது. அதேபோல், வெள்ளைச் சர்க்கரை நூறு கிராமுக்கு 400 கலோரி என்றால் வெல்லம் 380. கருப்பட்டியும் அதிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. எங்கள் பக்கத்தில் முந்திரிக்கொத்து சுடுவார்கள். பெயரில்தான் முந்திரி, உள்ளே இருப்பது பாசிப்பயறு. "பயறுதானே, சத்துதானே" என்று சர்க்கரை நோயாளிகளே நான்கைந்து எடுத்துக்கொள்கிறார்கள். பயற்றோடு ஒட்டியிருக்கும் வெல்லப்பாகையும், மேலே மாவில் முக்கி எண்ணெயில் போட்டதையும் யாரும் நினைப்பதில்லை.

முறுக்கைப் பக்கத்தில் வைத்து ஒரு சுண்டலைப் பார்ப்போம். கொண்டைக்கடலை ஊறவைக்கும் முன் 250 கிராம். நூறு கிராமுக்கு 360 வீதம் 900 கலோரி. தாளிக்க எண்ணெய் இரண்டு தேக்கரண்டி, அதாவது பத்து கிராம், 90. துருவிய தேங்காய் 40 கிராம், 160. மொத்தம் 1150. வெந்து தாளித்தபின் நிறுத்தால் 575 கிராம் வந்தது. இங்கே பலர் செய்யும் தவறு, வெந்த கடலையை நிறுத்து, அதைக் காய்ந்த கடலையின் 360-ஆல் பெருக்குவது. கடலை ஊறிப் பருத்தது தண்ணீரினால். தண்ணீருக்குக் கலோரி இல்லை. ஆகவே பச்சையாக நிறுத்ததை வைத்துக் கூட்ட வேண்டும், வெந்ததை நிறுத்து வகுக்க வேண்டும். 1150 கலோரியை 575 கிராமுக்கு வகுத்தால் ஒரு கிராமுக்கு 2 கலோரி. அரைக் கிண்ணம் சுண்டல் 57 கிராமுக்குச் சற்று மேலே; 115 கலோரி.

ஒரு முறுக்கும் அரைக் கிண்ணம் சுண்டலும் ஏறக்குறைய ஒரே கணக்கு. ஒன்று மூன்று கடியில் முடிந்துபோகும். மற்றது மென்று தின்ன நேரம் எடுக்கும், வயிறும் நிறைந்திருக்கும், புரதமும் நார்ச்சத்தும் அதில் அதிகம், சர்க்கரையும் மெதுவாகவே ஏறும். கலோரி ஒரு கணக்கு, இரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் இன்னொரு கணக்கு என்று எங்கள் நிபுணர் அடிக்கடி சொல்லுவார். ஆனாலும் கலோரிக் கணக்கு தெரியாதவர்களுக்கு இரண்டாவது கணக்கைச் சொல்லிப் பயனில்லை என்றும் சொல்லுவார்.

கேக்குக்கு எண்ணெய்த் தொல்லை இல்லை. சேர்த்தது எல்லாம் உள்ளேயே இருக்கும். மைதா, வெண்ணெய், சர்க்கரை மூன்றும் கால் கிலோ வீதம், முட்டை ஐந்து. மைதா 875, வெண்ணெய் 1825, சர்க்கரை 1000, முட்டை ஒன்றுக்கு 70 வீதம் 350. மொத்தம் 4050 கலோரி. அடுப்பில் வெந்து இறக்கும்போது எடை குறைந்திருக்கும். குறைந்தது தண்ணீரே, கலோரி அல்ல. இருபது துண்டாக வெட்டினால் ஒரு துண்டு 200 கலோரிக்குச் சற்று மேலே. முப்பதாக வெட்டினால் 135. ஆலய வாசலில் ஆராதனை முடிந்து தட்டு நீட்டப்படும்போது யாரும் இரண்டு துண்டு எடுப்பதில்லை, ஒன்றுதான் எடுப்பார்கள். ஆகவே எத்தனை கலோரி என்பதை அன்றைக்குத் தீர்மானிப்பவர் கத்தியைக் கையில் வைத்திருக்கும் அம்மாதான்.

இவ்வளவும் வாசித்துவிட்டு, "அப்படியானால் பலகாரமே வேண்டாம்" என்று டப்பாவைப் பூட்டிவிடாதீர்கள். பூட்டியவர்களின் கதையும் எங்களுக்குத் தெரியும். இன்சுலின் போடுகிற ஒரு பெரியவர். மகன் நல்லவன், தகப்பன்மேல் உயிர். வீட்டில் ஒரு பண்டமும் அவர் கைக்கு எட்டாதபடி பூட்டி வைத்தான். இரவில் இன்சுலின் போட்டார். சோறு வேண்டாம் என்று பாதியில் எழுந்தார். முன்பெல்லாம் படுக்குமுன் எதையாவது கடித்துக்கொள்வார், அன்று ஒன்றும் இல்லை. விடியற்காலையில் உடலெல்லாம் வியர்த்து, பேச்சு மூச்சில்லாமல் கிடந்தவரைப் பக்கவாதம் என்று நினைத்து ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். இரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்து, மகனைப் பார்த்து, "ஏன்டா அழுதே?" என்றார். அன்று தப்பினார். எல்லாருக்கும் அப்படி நடப்பதில்லை.

ஆகையால் இதையும் எழுதிவிடுகிறோம். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் வந்தால், நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்த்து, ஏறவில்லையானால் இன்னொரு தடவை கொடுக்க வேண்டும். அந்த நேரத்துக்கு முறுக்கும் சுண்டலும் கேக்கும் உதவா. அவை மெதுவாகவே இரத்தத்தில் சேரும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களின் உணவை வீட்டார் தாங்களாகவே கூட்டவும் குறைக்கவும் வேண்டாம். மருந்தின் அளவும் அதோடு மாற வேண்டியிருக்கும், மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

இந்த நோய் எவ்வளவு பேரைத் தொட்டிருக்கிறது என்பதற்கு ஒரே ஓர் எண். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவோடு நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வின்படி, இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருக்கிறது. உங்கள் ஆலயத்தில் உங்கள் பெஞ்சில் உட்காருகிறவர்களை எண்ணிப் பாருங்கள்.

ஆனால் இதே கணக்கு குறைப்பதற்கு மட்டும் அல்ல. எங்கள் குழந்தைகள் வார்டில் இதைத் திருப்பிப் போட்டுக் கூட்டுகிறார்கள். எடை ஏறாத பிள்ளைகளின் தாய்மார் பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். "நல்லாத்தான் சாப்பிடுறான்" என்பார்கள். நிறைய சாதம் தின்னும் பிள்ளைதான். சின்ன வயிறு, தண்ணீரும் சோறுமாக நிறைந்துவிடுகிறது, சக்தி போதவில்லை. அங்கே கடலை உருண்டை பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். வறுத்த நிலக்கடலை 250 கிராம், நூறுக்கு 570 வீதம் 1425 கலோரி. வெல்லம் 200 கிராம், 760. மொத்தம் 2185, இருபத்திரண்டு உருண்டை பிடித்தால் ஒன்று நூறு கலோரி, புரதமும் உண்டு. ஒரு நாளைக்கு இரண்டு கொடுத்தால் இருநூறு. எலுமிச்சம்பழ அளவு என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம், தராசு இல்லாத வீட்டிலும் நடக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு முழுக் கடலை தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்பதால் நன்றாகப் பொடித்தே பிடிக்க வேண்டும். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாமல் உடல் தடிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடாது.

காசநோயாளிகளின் வீடுகளிலும் இப்படியே. ஜார்க்கண்ட் மாநிலத்தில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு அரிசி, பருப்பு முதலான உணவுப் பொருள்களை மாதந்தோறும் கொடுத்துப் பார்த்தார்கள். அப்படிப் பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது என்று 2023-இல் அறிவித்தார்கள். மருந்து ஒன்றும் கூட்டவில்லை, சாப்பாட்டைத்தான் கூட்டினார்கள். வயதான சர்க்கரை நோயாளிக்கு எண்ணித் தர வேண்டிய அதே நூறு கலோரி, மெலிந்துபோன பிள்ளைக்கும் இருமி இளைத்தவருக்கும் கேட்டுக் கேட்டுக் கொடுக்க வேண்டிய நூறு கலோரியாகிறது.

வீட்டில் கணக்குப் பார்க்க என்ன வேண்டும் என்று சில சகோதரிகள் கேட்டார்கள். ஒரு சமையலறைத் தராசு, பேனா, பழைய நோட்டு. இப்போது மின்கலம் போட்ட சிறு தராசுகள் அதிக விலையில்லாமல் கிடைக்கின்றன. தராசு இல்லாவிட்டால் மளிகைக்கடைப் பொட்டலத்தில் போட்டிருக்கும் எடையே போதும். அரைக்கிலோ பொட்டலம் முழுவதையும் பிசைந்தால் அளக்க வேண்டியதில்லை. உழக்கையும் டம்ளரையும் நம்ப வேண்டாம். ஒரே டம்ளரில் மாவை அழுத்தி அள்ளினால் ஓர் எடை, சலித்துப் போட்டால் ஓர் எடை. ஒரு பண்டத்துக்கு ஒரு தடவை கணக்குப் போட்டுவிட்டால் அடுத்த ஆண்டும் அதுவே உதவும், அளவை மாற்றாதவரையில். முக்கியமாக, எல்லாவற்றையும் ஒரே அளவில் பிழியவோ உருட்டவோ பழகிக்கொள்ளுங்கள். கடைசியில் மிஞ்சிய மாவில் சுடும் இரட்டை முறுக்கு யார் தட்டுக்குப் போகிறது என்று எங்களுக்குத் தெரியும். வீட்டில் மூத்தவருக்குத்தான் போகும், சர்க்கரையும் அவருக்குத்தான் இருக்கும்.

சாப்பிடும் இடத்திலும் ஒரு சிறு ஒழுங்கு வேண்டும். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி முன் உட்கார்ந்தவர் எண்ணுவதில்லை. அன்றைக்கு உரியதை எடுத்துத் தட்டில் வைத்து, டப்பாவை மூடி அலமாரியில் ஏற்றிவிட்டு, பிறகு உட்கார வேண்டும். எங்கள் வார்டில் நூறு கலோரியை ஒரு பங்கு என்று வைத்திருக்கிறார்கள். நோயாளிக்கு நாளுக்கு ஒரு பங்கு என்று எழுதியிருந்தால் அவர் முறுக்கென்றால் ஒன்று, சுண்டலென்றால் அரைக் கிண்ணம் எடுத்துக்கொள்ளலாம். எதை என்பது அவர் இஷ்டம்.

அந்த ஆசிரியை அம்மா மாலை நான்கு மணிக்கு ஒரு முறுக்கு என்று ஒப்புக்கொண்டார். முதல் வாரம் மிகவும் கஷ்டப்பட்டதாகச் சொன்னார். "எண்ணித் திங்கிறது பிச்சை வாங்குற மாதிரி இருக்கு ஐயா" என்றார். எங்களுக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, சேர்ந்து ஜெபித்தோம். மருந்தும் மாற்றினார்கள், நாள்தோறும் புண்ணுக்குக் கட்டுப்போட்டார்கள், நடையையும் குறைத்தார்கள். முறுக்கைக் குறைத்ததால் மட்டும் ஆறியது என்று நாங்கள் எழுதமாட்டோம். ஈஸ்டருக்கு முன்பாகப் புண் மூடியது. கால் இருக்கிறது.

இனி உங்களிடம் ஒரு விண்ணப்பம். டிசம்பர் மாதத்தில் சபைகளிலிருந்து, விசேஷமாகப் பெண்கள் ஐக்கிய சங்கங்களிலிருந்து, வார்டுகளுக்குப் பலகாரம் கொண்டுவருகிறீர்கள். வீட்டைவிட்டு வந்து படுத்திருக்கிற நோயாளிக்குப் பண்டிகை நாளில் ஒரு முறுக்கு கையில் கிடைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். ஆகவே கொண்டுவராதிருங்கள் என்று சொல்லவில்லை. டப்பாவின்மேல் ஒரு சீட்டு ஒட்டிக் கொண்டுவாருங்கள். என்னென்ன பொருள், எத்தனை கிராம், எண்ணெய் எவ்வளவு குறைந்தது, மொத்தம் எத்தனை உருப்படி என்ற நான்கு விவரம் போதும். பெருக்கி வகுப்பதை உணவியல் பிரிவார் பார்த்துக்கொள்வார்கள். சீட்டு இருந்தால் எந்த வார்டுக்கு எத்தனை என்று அவர்கள் அரைமணி நேரத்தில் பிரித்துவிடுகிறார்கள். சீட்டு இல்லாத டப்பாவைச் சர்க்கரை நோயாளிகளின் வார்டுக்கு அனுப்ப முடியாமல் ஊழியர்களுக்கே கொடுத்துவிட நேரிடுகிறது. எங்கள் எடையும் கூடிக்கொண்டுதான் போகிறது.

டப்பாக்களை நேராக வார்டுக்குக் கொண்டுபோகாமல் சமையல்கூடத்தின் பக்கவாசலில் கொடுங்கள். நிலக்கடலை, எள், முந்திரி, முட்டை சேர்ந்திருந்தால் சீட்டில் சிவப்பு மையில் எழுதுங்கள். கேக்கை வெட்டாமலே கொண்டுவாருங்கள். இங்கே முப்பதாக வெட்டிக்கொள்ளுகிறோம்.